தூதர் சுப்பராயன்



தூது என்னும் சொல் நமக்குப் புதிதன்று. தகடூர் அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டிய அவ்வரசனைப் புகழ்வது போலவே பழித்து, அவன் செருக்கை அடக்கித் திரும்பினார் அந்த மூதாட்டியார். அவருக்கு நிலமில்லை, பட்டமில்லை, பின்னால் படையுமில்லை. இருந்தது சொல் ஒன்றே.

திருவள்ளுவரும் தூதுக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தார். அறுபத்தொன்பதாம் அதிகாரம் அது. அதன் முதற்குறளில் தூதனுக்குரிய பண்புகளை எண்ணும்போது உயர்ந்த குடியிற் பிறத்தலையும் ஒன்றாகச் சேர்க்கிறார். அடுத்த குறளிலே, தூதனுக்கு இல்லாமல் முடியாதவை எவை என்று மூன்றைச் சொல்லுகிறார்: அன்பு, அறிவு, ஆராய்ந்து பேசும் ஆற்றல். இந்த மூன்றில் குடிப்பிறப்பு இல்லை! முதற்குறளில் இருந்தது இரண்டாவதில் எங்கே போயிற்று? இவ்விரு குறள்களையும் நடத்துகின்ற ஆசிரியர் இடையிலே சற்று நிற்கவேண்டும் என்பது என் கருத்து.

நான் பணியாற்றிய எம். புதுப்பட்டி வட்டாரத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் தீப்பெட்டித் தொழிலிலும் பட்டாசுத் தொழிலிலும் மானாவாரி வேளாண்மையிலும் உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகள். குடிமைப் பயிற்சிப் பாடத்தில் தூதரகம் பற்றிச் சொல்லும்போது அவர்களிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும். ‘ஐயா, தூதர் ஆவதற்குப் பெரிய வீட்டிலே பிறந்திருக்க வேண்டுமா?’ என்பதே அது. இன்றைய விடை எளிது. இந்திய அயலுறவுப் பணி 1946ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. தேர்வெழுதித் தேறும் எவரும் அதிற் சேரலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. பெரிய வீட்டிற் பிறந்தவன் எளியோர் நிறைந்த ஒரு நாட்டின் குரலாக மற்றொரு நாட்டில் நிற்க முடியுமா? அப்படி நிற்பதற்கு அவன் எவற்றைக் கற்கவேண்டும்? இதற்கு விடையாக ஒருவருடைய வாழ்வை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அவர் குமாரமங்கலம் ஜமீன்தார், டாக்டர் ப. சுப்பராயன்.

ஐரோப்பாவிலே தூதுத் தொழில் நெடுங்காலம் பிரபுக்களின் தொழிலாகவே இருந்தது. அரசன் அரசனுக்கு ஆள் அனுப்பிய காலம் அது. அரசவை நடையுடை அறிந்தவனே அங்கே செல்லத் தக்கவன் என்று எண்ணினர். அப்படிப்பட்ட பிரபுக்களுள் வழக்கத்துக்கு மாறான ஒருவரும் உண்டு. ஹங்கேரி நாட்டின் மிகப் பெரிய நிலக்கிழார்களுள் ஒருவரான மிஹாய் கரோலி என்பவர் அவர். முதல் உலகப் போரின் முடிவில் அந்நாட்டின் பிரதமராகவும், 1919 ஜனவரியில் குடியரசுத் தலைவராகவும் ஆனவர். அவ்வாண்டு பிப்ரவரி 23ஆம் நாள், காபோல்னா என்னுமிடத்தில் இருந்த தம்முடைய சொந்த நிலத்தையே உழவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே ஆட்சி கவிழ்ந்தது. நாடு கடந்து நெடுங்காலம் வாழ்ந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தாயகம் திரும்பிய அவரை 1947இல் பாரிஸ் நகருக்குத் தூதராக அனுப்பினர். தம் அரசின் போக்கு மனத்துக்கு ஒவ்வாதபோது 1949இல் அப்பதவியையும் துறந்தார். அவர் பதவி துறந்த அதே 1949இல் நம் சுப்பராயன் தூதரானார். இருவரும் பிரபுக்கள், இருவரும் சட்டமன்ற வழியாக வந்தவர்கள், எனினும் இருவர் நடந்த பாதையும் ஒன்றன்று. அந்த வேறுபாட்டைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

குமாரமங்கலம் திருச்செங்கோட்டுக்கு அருகில் உள்ளது. அந்நாளில் சேலம் மாவட்டம். இன்று நாமக்கல் மாவட்டம். கொங்கு வேளாளர் குடியில் 1889ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் சுப்பராயன் பிறந்தார். சென்னையிலே நியூயிங்டன் பள்ளியிற் படித்தார். ஜமீன்தார்களின் இளம் வாரிசுகளுக்கென்று ஆங்கிலேய அரசு நடத்திய பள்ளி அது. வருங்கால ஜமீன்தாருக்கு நல்ல ஆங்கிலமும் நல்ல பழக்கமும் வேண்டும், அரசிடம் விசுவாசமும் வேண்டும் என்பதே அதன் நோக்கம் எனலாம். பிறகு மாநிலக் கல்லூரி, கிறித்தவக் கல்லூரி; அதன் பின் ஆக்ஸ்போர்டில் வாதம் கல்லூரி. சட்டம் பயின்றார். டப்ளின் பல்கலைக்கழகத்தின் சட்ட டாக்டர் பட்டமும் பெற்றார். ‘டாக்டர் சுப்பராயன்’ என்று நாடு அழைத்தது இதனால்தான். மருத்துவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

இதுவரை வியப்பதற்கு ஒன்றுமில்லை. அக்காலத்து ஜமீன்தார் மக்கள் பலர் இங்கிலாந்து சென்று மீண்டவர்களே. வியப்புக்குரியது அவருடைய திருமணம். மங்களூரைச் சேர்ந்த ராதாபாய் என்னும் சாரஸ்வதப் பிராமணப் பெண்மணியை அவர் மணந்தார். அப்பெண்மணியின் தந்தையார் குத்முல் ரங்கராவ். ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்காக மங்களூரில் பள்ளிகள் நிறுவி, அதன் பொருட்டுத் தம் சாதியாரின் பகையைத் தாங்கிய பெரியவர் அவர். நூறாண்டுக்கு முற்பட்ட கொங்கு நாட்டு ஜமீனில் மொழியும் சாதியும் மாறிய மருமகள் அடியெடுத்து வைத்தாள் என்பதை எண்ணிப் பாருங்கள். சுப்பராயன் தம் குடியின் வேலியைத் தாண்டிய முதல் அடி இதுவே என்பேன். இதை அவர் மேடையில் முழங்கிச் செய்யவில்லை, வீட்டிலே செய்தார்.

1920இல் சென்னைச் சட்டசபைக்கு நிலக்கிழார்களின் பிரதிநிதியாக அவர் சென்றார். அன்றிருந்த ஆட்சிக்கு இரட்டையாட்சி என்று பெயர். கல்வி, உள்ளாட்சி முதலிய துறைகள் இந்திய மந்திரிகளிடம் இருக்கும்; காவல், நிதி முதலிய பெரிய துறைகள் ஆளுநரின் நிர்வாக சபையிடம் இருக்கும். பொறுப்பு ஒருவரிடம், பணப்பெட்டி மற்றொருவரிடம் என்று சொல்லலாம். 1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சி, தேர்ந்தெடுக்கப்பட்ட 98 இடங்களில் 41 இடங்களைப் பெற்றது. ஆயினும் அந்த அரைகுறை ஆட்சியில் பதவி ஏற்பதில்லை என்பது அதன் கொள்கை. நீதிக் கட்சியோ தோற்றிருந்தது. ஆளுநராயிருந்த கோஷன் பிரபு எக்கட்சியையும் சேராத சுப்பராயனை அழைத்தார். இவ்வாறு 37 வயதில் அவர் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி ஆனார்.

கட்சி இல்லாத மந்திரிக்கு இரு புறமும் இடி. 1927 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு சைமன் ஆணைக்குழுவை நியமித்தது. இந்தியாவின் எதிர்காலத்தை ஆராய வரும் அக்குழுவில் இந்தியர் ஒருவரும் இல்லை. நாடெங்கும் ‘புறக்கணிப்போம்’ என்ற குரல் எழுந்தது. சென்னை மந்திரி சபை பிளந்தது. உடன் மந்திரிகளாக இருந்த அரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் 1928இல் விலகினர். சுப்பராயன் விலகவில்லை. நீதிக் கட்சியின் ஆதரவைப் பெற்று, எஸ். முத்தையா முதலியாரையும் எம். ஆர். சேதுரத்தின ஐயரையும் புதிய மந்திரிகளாகச் சேர்த்துக்கொண்டு 1930 வரை ஆண்டார்.

இங்கே நான் மழுப்பப் போவதில்லை. ஒரு தேசமே ‘வேண்டாம்’ என்று சொன்ன வேளையில் அவர் ஆளுநரின் பக்கம் நின்றார். நியூயிங்டன் பள்ளி கற்பித்த பாடம் அன்று அவரிடம் வென்றது. ஆனால் அதே ஆட்சியின் காலத்தில்தான் அரசுப் பணிகளில் எல்லா வகுப்பாருக்கும் இடம் வகுக்கும் வகுப்புவாரி ஆணையை முத்தையா முதலியார் 1928இல் நிறைவேற்றினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால், கோயில்களுக்குப் பொட்டுக் கட்டப்பட்ட பெண்களை மானியக் கட்டிலிருந்து விடுவிக்கும் சட்டம் 1929இல் வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதே ஆண்டில் எழுந்தது. ஒரு மனிதரின் ஒரே பதவிக்காலத்தில் மெச்சத் தக்கதும் வருந்தத் தக்கதும் அருகருகே கிடக்கின்றன. வரலாற்றைப் படிக்கும் மாணவர் இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்கப் பழகவேண்டும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறைக்கலாகாது.

1930இல் பதவி போயிற்று. அதன் பின்னர் அவர் காங்கிரசில் சேர்ந்தார். ஆளுநரின் துணையால் அரசாண்டவர், ஆளுநரை எதிர்த்த இயக்கத்தின் தொண்டரானார். 1937இல் ராஜாஜி அமைத்த மந்திரி சபையில் சட்டமும் கல்வியும் அவர் பொறுப்பு.

கல்வி மந்திரி என்ற நிலையிலேதான் அவர் வாழ்வின் மிகக் கடினமான அத்தியாயம் தொடங்குகிறது. 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் முதல் மூன்று படிவங்களுக்கு இந்தி கட்டாயப் பாடம் என்று அரசு ஆணையிட்டது. திட்டம் ராஜாஜியுடையது, துறை சுப்பராயனுடையது. தமிழகம் கொதித்தது. பெரியார் சிறை சென்றார். அறிஞரும் மாணவரும் பெண்களும் குழந்தைகளைக் கையிலேந்திய தாய்மாரும் சிறை புகுந்தனர். சிறைத் தண்டனை பெற்ற நடராசன் 1939 ஜனவரியிலும், தாளமுத்து மார்ச்சிலும் உயிர் நீத்தனர். அவ்வாண்டின் இறுதியில் காங்கிரஸ் மந்திரி சபை போரை முன்னிட்டுப் பதவி விலகியது. 1940 பிப்ரவரியில் ஆளுநர் எர்ஸ்கின் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார். இந்த அத்தியாயத்தை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் இதற்கு ஒரு தொடர்ச்சி வரும்.

விளையாட்டில் ஆர்வமுள்ள மாணவர்க்காக ஒன்று இடையே சொல்லி விடுகிறேன். 1938 முதல் 1946 வரை இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராக இருந்தவரும் இவரே. இன்று கோடிகள் புரளும் அந்த வாரியத்தை, உலகப் போர் நடந்த எட்டாண்டுக் காலம் சேலம் மாவட்டத்து ஜமீன்தார் ஒருவர் நடத்தினார்.

இனி அவர் இல்லத்துக்குள் சற்று நுழைவோம். ராதாபாய் அம்மையார் கணவரின் நிழலில் ஒதுங்கியவரல்லர். 1930இல் லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியப் பெண்களின் சார்பில் இருவரே சென்றனர். ஒருவர் பேகம் ஷா நவாஸ். மற்றவர் ராதாபாய் சுப்பராயன். 1938இல் மத்திய சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற்பெண்மணியும் இவரே.

மக்கள் நால்வர். மூத்தவர் பரமசிவ பிரபாகர் இராணுவத்திற் சேர்ந்தார். வட ஆப்பிரிக்கப் போர்முனையில் சிறைப்பட்டு மீண்டார். 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தார். இரண்டாமவர் கோபால் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் தலைவராக விளங்கினார். மூன்றாமவர் மோகன் குமாரமங்கலம் ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துக் கம்யூனிஸ்டாகத் திரும்பினார். 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைச் சதி வழக்கிற் சிக்கிச் சிறை சென்றார். நான்காமவர் மகள் பார்வதி. அவரும் இங்கிலாந்திற் படித்தார், அவரும் கம்யூனிஸ்டானார்.

ஜமீன்தாரின் உணவு மேசையைச் சற்றே கற்பனை செய்யுங்கள். ஒரு பக்கம் காங்கிரஸ் மந்திரியான தந்தை. மறுபக்கம் ஜமீன்களை ஒழிக்க வேண்டும் என்று முழங்கும் மகனும் மகளும். நடுவிலே மன்னரின் ஆணை பெற்ற படைவீரர். சுதந்திரம் வந்தபின் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரி சபையில் சுப்பராயன் உள்துறை மந்திரியாக 1947-48இல் இருந்தார். கம்யூனிஸ்டுகள்மீது அரசின் கை இறுகிய காலம் அது. காவல்துறையின் மந்திரி தந்தை. காவல்துறை கண்காணித்த கட்சியில் பிள்ளைகள். அந்தக் குடும்பம் இதனாற் சிதறிவிடவில்லை. எதிர்க்கருத்தினரோடு ஒரே கூரையின்கீழ் வாழக் கற்றவருக்குத் தூதரகம் புதிய பள்ளிக்கூடம் அன்று. தூதுக்கு வேண்டிய மூன்றில் முதலாவதாகிய அன்பை அவர் பயின்ற இடம் அந்த வீடு என்றே நான் கருதுகிறேன்.

அந்த மந்திரி சபையின் ஆட்சிக்காலத்தில் வந்ததுதான் 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம். சென்னை மாகாணத்தில் ஜமீன் முறையை வேரோடு களைந்தது அது. ஜமீன்தார் வீற்றிருந்த அரசே ஜமீனை ஒழித்தது! ஹங்கேரிப் பிரபுவையும் இவரையும் ஒப்பிட வேண்டிய இடம் இதுதான். கரோலி தம் நிலத்தைத் தாமே முன்வந்து அளந்து கொடுத்தார். சுப்பராயனின் ஜமீன் சட்டத்தால் போயிற்று. முன்னதன் உயர்வு பின்னதற்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம் ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா, செல்வத்திற் பிறந்து 1949 முதல் 1952 வரை சென்னையின் முதலமைச்சராயிருந்தவர், தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு வழங்கியதை இந்த வட்டாரம் நன்கறியும். அவ்வகையான ஈகைச் செயல் எதையும் நான் சுப்பராயன்மீது ஏற்றிச் சொல்லவில்லை. தம் உரிமை போகும் காலத்தில் அதைக் காக்கப் பகை கொள்ளாமல் அடுத்த பணிக்கு நடந்தார் என்பதே அவர் சிறப்பு. அதுவும் எளிதன்று. உரிமை போன கோபத்திலே ஒதுங்கி முடங்கிய ஜமீன்தார்கள் எத்தனையோ பேர்.

இனித் தூதுக்கு வருவோம்.

புதிதாக விடுதலை பெற்ற இந்தியாவுக்கு உலகெங்கும் தூதர்கள் தேவைப்பட்டனர். பயிற்சி பெற்ற மூத்த அதிகாரிகள் போதவில்லை. எனவே நேரு பல துறையிலிருந்தும் ஆட்களைத் தேடினார். மாஸ்கோவுக்கு 1947இல் விஜயலட்சுமி பண்டிட். 1949இல் அதே மாஸ்கோவுக்குத் தத்துவப் பேராசிரியர் ராதாகிருஷ்ணன். சீனாவுக்கு வரலாற்றறிஞர் சர்தார் பணிக்கர். இந்தோனேசியாவுக்கு டாக்டர் சுப்பராயன்.

இந்தோனேசியா தமிழனுக்கு அயலிடமா? 1025ஆம் ஆண்டு வாக்கில் இராசேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தின்மேல் சென்றது. சுமத்திராவின் மேற்குக் கரையிலே பாரூசுக்கு அருகில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. ‘ஐந்நூற்றுவர்’ என்ற வணிகக் குழுவினர் பொறித்தது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ மேடான் நகரைச் சுற்றிய புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகத் தமிழர் சென்றனர். படையெடுத்துச் சென்றோம், பண்டம் ஏற்றிச் சென்றோம், பசியோடும் சென்றோம். 1949இல் ஒரு தமிழர், நட்பைக் கேட்டு நம்பிக்கைச் சான்றுக் கடிதத்தோடு சென்றார்.

அவர் சென்ற வேளையை நீங்கள் அறியவேண்டும். இந்தோனேசியர் 1945 ஆகஸ்டு 17ஆம் நாள் விடுதலையைப் பறைசாற்றினர். டச்சுக்காரர் அதனை ஏற்கவில்லை. 1947 ஜூலையிலும் 1948 டிசம்பரிலும் படைகொண்டு தாக்கினர். இரண்டாம் முறை சுகர்ணோவையும் ஏனைய தலைவர்களையும் சிறைப்படுத்தினர். நேரு 1949 ஜனவரியில் டில்லியில் பல நாடுகளின் மாநாட்டைக் கூட்டி அவர்களுக்காகக் குரல் கொடுத்தார். உலகத்தின் நெருக்குதலுக்கு டச்சு அரசு இணங்கி, 1949 டிசம்பர் 27ஆம் நாள் ஆட்சியுரிமையை ஒப்படைத்தது. அதற்கு அடுத்த மாதம், 1950 ஜனவரி 26ஆம் நாள், நம் முதல் குடியரசு தின விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக டில்லிக்கு வந்தவர் அதிபர் சுகர்ணோ. அவ்வாண்டு ஜூன் மாதம் நேரு இந்தோனேசியா சென்றார். ஆகஸ்டில் அந்நாடு கூட்டாட்சியை விட்டு ஒற்றையாட்சியாக மாறியது. செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் 60ஆவது உறுப்பினராயிற்று. இத்தனையும் நிகழ்ந்தபோது ஜகார்த்தாவில் இந்தியாவின் தூதர் சுப்பராயன்.

தூதர் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். விருந்துக்குப் போவார், கை குலுக்குவார் என்று திரைப்படம் பார்த்து எண்ணியிருப்பீர்கள். அவருடைய உண்மையான வேலை இரண்டு. தம் நாட்டின் மனத்தை அந்நாட்டுக்குத் திரிபில்லாமல் சொல்லுவது ஒன்று. அந்நாட்டின் மனத்தை, இனிப்பானாலும் கசப்பானாலும், தம் நாட்டுக்குத் திரிபில்லாமல் எழுதுவது மற்றொன்று. இரண்டாவதே கடினம். தலைநகரில் இருப்போர் கேட்க விரும்புவதையே எழுதுகின்ற தூதர் நல்ல பெயர் வாங்குவார். நாடு ஏமாந்து போகும்.

புதிதாக விடுதலை பெற்ற மக்களிடம் மற்றோர் உணர்வும் உண்டு. மானம் பற்றிய கூர்மை அது. பெரிய நாட்டுக்காரன் அறிவுரை சொல்ல வந்துவிட்டானோ என்ற ஐயம் எளிதில் எழும். நாமும் 1947இல் அப்படித்தான் இருந்தோம். பிரபுவாகப் பிறந்த ஒருவர் அங்கே தம் பிறப்பைக் காட்டினால் காரியம் கெட்டுப் போகும். இந்தியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் இடையிலான நட்புறவு ஒப்பந்தம் 1951 மார்ச் 3ஆம் நாள் கையெழுத்தாயிற்று. இரு நாடுகளுக்கிடையே நிலையான அமைதியும் மாறாத நட்பும் இருக்கும் என்பது அதன் தொடக்கம். சமமானவர் சமமானவரோடு செய்துகொண்ட உடன்படிக்கை அது. 1928இல் ஆளுநர் சொற்படி நின்ற மந்திரி, 1951இல் அடிமைத்தளை அறுத்த இரு நாடுகளுக்கு இடையே பாலமாக நின்றார் என்றால், இடைப்பட்ட இருபத்துமூன்று ஆண்டுகளில் அவர் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்பது விளங்கும். ஜகார்த்தாவுக்குக் கடலைத் தாண்டிய தூரம் அதைவிடக் குறைவு!

1951இல் திரும்பினார். 1954 முதல் மாநிலங்களவை உறுப்பினர். தூதராக இருந்ததன் பயன் அவரிடம் முழுமையாக வெளிப்பட்டது, என் மதிப்பீட்டில், அயல்நாட்டில் அன்று, டில்லியிலேதான்.

1955இல் பி. ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழி ஆணைக்குழு அமைந்தது. ஆங்கிலத்துக்குப் பதிலாக இந்தி எப்போது, எவ்வாறு இடம்பெற வேண்டும் என்று ஆராய்வது அதன் பணி. சுப்பராயனும் அதில் உறுப்பினர். 1956இல் அறிக்கை உருவாயிற்று. பெரும்பான்மையோர் கையெழுத்திட்டனர். வங்காளத்து மொழிநூல் அறிஞர் சுநீதி குமார் சட்டர்ஜியும் தமிழ்நாட்டுச் சுப்பராயனும் உடன்படாமல் மாறுபட்ட குறிப்பு எழுதினர். இந்தி பேசாத மக்களின் மனத்தைப் பெறாமல் விரைந்து செல்வது தகாது, ஆங்கிலத்தை அவசரப்பட்டு அகற்றலாகாது என்பது அவர் நிலையின் சாரம்.

இந்த இடத்தில் மாணவர்கள் சற்று நின்று எண்ணவேண்டும். 1938இல் கட்டாய இந்தி ஆணை பிறந்த துறையின் மந்திரி இவர். 1956இல் அதே இந்தியின் விரைவுக்கு எதிராக எழுதியவரும் இவரே. ‘முன்பு ஒன்று, பின்பு ஒன்று’ என்று எள்ளி நகையாடுவது எளிது. அப்படி நகையாடினவர் இருந்திருக்கலாம். ஆனால் எண்ணிப் பாருங்கள். மாறுபட்ட குறிப்பு எழுதாமல் இருந்திருந்தால் அவரை எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆளும் கட்சியின் உறுப்பினர், நேருவின் நண்பர், முதியவர், இன்னும் மத்திய மந்திரி பதவி கிடைக்கவில்லை. பேசாமல் கையெழுத்திடுவதே பாதுகாப்பான வழி. அந்த வழியை அவர் தேர்ந்துகொள்ளவில்லை. தம் மக்களின் மனத்தை, கேட்போர்க்குக் கசந்தாலும், திரிபில்லாமல் டில்லிக்கு எழுதினார். ஜகார்த்தாவிலிருந்து டில்லிக்கு எழுதியது எதுவோ அதே வேலைதான். இம்முறை அவர் தூது வந்தது தமிழ்நாட்டிலிருந்து.

குறளின் முதற்பாட்டில் இருந்த குடிப்பிறப்பு இரண்டாவதில் மறைந்ததன் காரணம் எனக்கு இவ்வாழ்க்கையிலேதான் விளங்குகிறது. குடிப்பிறப்பு சுப்பராயனுக்கு ஆக்ஸ்போர்டைக் கொடுத்தது, 37 வயதில் முதல் மந்திரி நாற்காலியைக் கொடுத்தது, கதவுகளையெல்லாம் திறந்துவிட்டது. மாறுபட்ட குறிப்பை எழுதிய கை அந்தக் குடிப்பிறப்பினால் வந்ததன்று. தாளமுத்து, நடராசன் மறைவும், வீட்டுக்குள்ளே மக்களோடு நடந்த வாதங்களும், ஜகார்த்தாவில் கண்ட மானமுள்ள மக்களும் சேர்ந்து அதைப் பழக்கியிருக்க வேண்டும். அதே காலத்தில் சென்னையில் முதலமைச்சராக இருந்தவர் விருதுநகரின் காமராசர். பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டவர். ஜமீனும் இல்லை, ஆக்ஸ்போர்டும் இல்லை. மக்கள் மனத்தை அறிவதிலே அவருக்கு நிகரானவர் அரியர். குடிப்பிறப்பு இருந்தால் கற்க வேண்டியது மிகுதி என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

1957 பொதுத் தேர்தலில் சுப்பராயன் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குச் சென்றார். அதே தேர்தலில் கோயம்புத்தூரிலிருந்து வென்று வந்தவர் அவருடைய மகள் பார்வதி கிருஷ்ணன். தந்தை காங்கிரஸ், மகள் கம்யூனிஸ்டு. ஒரே அவையில் எதிர் எதிர் வரிசை. 1959இல் நேரு அவரைப் போக்குவரத்து, செய்தித் தொடர்புத் துறைகளின் மந்திரியாக்கினார். கம்பி வழியே ஊர்விட்டு ஊருக்கு, இடையில் தொலைபேசி நிலைய ஊழியரின் துணையின்றி நேரே பேசும் வசதி இந்தியாவில் முதன்முதலாக லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே 1960இல் ஏற்பட்டது. அப்பொழுது துறை மந்திரி இவர். கைப்பேசியோடு பிறந்த உங்களுக்கு அது அற்பமாகத் தோன்றும். அயலூருக்கு ஒரு சொல் அனுப்ப மணிக்கணக்கிற் காத்திருந்த தலைமுறைக்கு அது பெரும் புதுமை.

அவ்வாண்டிலேயே ராதாபாய் அம்மையார் காலமானார். 1962 ஏப்ரல் 17ஆம் நாள் சுப்பராயன் மகாராஷ்டிர ஆளுநராகப் பதவி ஏற்றார். இளமையில் ஓர் ஆளுநரின் அழைப்பால் பொதுவாழ்வின் உயரத்துக்கு வந்தவர், முதுமையில் தாமே ஆளுநர் மாளிகையில் அமர்ந்தார். ஆனால் இவ்வாளுநரை நியமித்தது லண்டன் அன்று, நம் குடியரசு. ஆறு மாதம் நிறையுமுன் அக்டோபர் 6ஆம் நாள் பதவியில் இருக்கும்போதே மறைந்தார். பதினான்கு நாள் கழித்துச் சீனப் போர் மூண்டது. மோகன் குமாரமங்கலம் பின்னர்க் காங்கிரசிற் சேர்ந்து, எஃகு, சுரங்கத் துறைகளின் மத்திய மந்திரியாகி, 1973இல் டில்லி அருகே நேர்ந்த விமான விபத்தில் இறந்தார். பார்வதி கிருஷ்ணன் இறுதிவரை தம் கட்சியிலேயே இருந்து, மீண்டும் இருமுறை கோவையிலிருந்து மக்களவைக்குச் சென்று, 2014இல் தம் தொண்ணூற்று நான்காம் வயதில் காலமானார்.